மொராக்கின் ஏழு நிமிடம்

என் மனைவி மொராக் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுவாள். ஏழு நிமிடம் முன்னே தள்ளியும் வைத்திருப்பாள். உள்ளே திருப்பியதற்குக் காரணம், குடித்துவிட்டு அடிதடியில் இறங்கியவர்களைக் காரில் ஏற்றும்போது இரண்டு தடவை கண்ணாடி நொறுங்கியதுதான். ஏழு நிமிடத்துக்குக் காரணம் வேறு. போலீசில் சேர்ந்த முதல் வருஷம் நீதிமன்றத்துக்குப் பிந்திப் போனாள். நீதிபதி எல்லார் முன்னாலும் கேட்டார்: "கான்ஸ்டபிள் பீட்டன், உங்க ஊர்ல மணி பாக்கிற வழக்கம் உண்டா?" அன்று சாயங்காலமே திருகியை இழுத்து ஏழு நிமிடம் தள்ளிவிட்டாள். பதினாறு வருஷம் அது அப்படியே இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்புவது அந்தக் கடிகாரப்படி. குறிப்பேட்டில் எழுதும்போது மட்டும் ஏழைக் கழித்து எழுதுவாள். அவளுக்கு அது மூச்சு விடுவது போல.

எங்கள் கீல்ஸ் கோவ் என்ற கடற்கரை ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். "மணி என்ன? நம்ம மணியா, மொராக் மணியா?" என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வலது கையில் கட்டியிருப்பேன். கதவைத் திறக்கும் நெம்புகோல் அந்தப் பக்கம் இருப்பதால், ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் மணி கண்ணில் படும். மீனவர்கள் யாரும் கட்டுவதில்லை. சிங்கி இறால் கூண்டுகளின் கயிறு கடலுக்குள் ஓடும்போது கடிகார வாரில் மாட்டினால், கையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஃபின்லே பெட்ரியும் கட்டாதவன்தான். அதனால்தான், அவனைப் பிடித்துக் கேட்டபோது அவனால் மணி சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் முப்பது, புதன்கிழமை. மத்தியானம் படகுத்துறையில் ஆர்ச்சி கில்லிஸ் என்ற மீனவரின் கொட்டகை எரிந்தது. கயிறு, மிதவை, ஒரு புது எஞ்சின், எல்லாம் போயிற்று. கதவில் இருந்த அபாயமணி ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவு உடைபட்டதாகப் பதிவு செய்திருந்தது. ஐஸ் ஆலையின் கேமராவில் ஒரு கரும்பச்சை டிரக் ஒன்று ஐம்பத்து நாலுக்குத் துறையை விட்டு வெளியே போவது தெரிந்தது. எண் பலகை தெரியவில்லை. ஓட்டியவன் முகமும் தெரியவில்லை.

ஃபின்லேயிடம் கரும்பச்சை டிரக் இருந்தது. ஆர்ச்சிக்கும் அவனுக்கும் துறையில் படகைக் கட்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி மார்ச்சிலிருந்து தகராறு. கூட்டுறவுக் கடையில் பாதி ஊர் கேட்க, "உன் கொட்டகை பத்தி எரிஞ்சாலும் நான் ஒரு வாளித் தண்ணி தூக்க மாட்டேன்டா, ஆர்ச்சி" என்று கத்தியிருந்தான். இதற்கெல்லாம் மேலே, அன்றைக்கு மொராக்கின் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. மணி இரண்டு, நரிமேடு, ஃபின்லே பெட்ரி, பின்விளக்கு உடைந்திருந்தது, எச்சரித்து அனுப்பினேன்.

துறையிலிருந்து நரிமேட்டுக்கு வண்டியில் சரியாக ஆறு நிமிடம். ஒன்று ஐம்பத்து நாலோடு ஆறைக் கூட்டினால் இரண்டு. ஒரு குழந்தைகூடப் போடும் கணக்கு.

மறுநாள் காலையில் சார்ஜென்ட் வாலஸும் மொராக்கும் ஃபின்லே வீட்டுக்குப் போனார்கள். மொராக்தான் எதற்காகப் பிடிக்கிறோம் என்று சொன்னாள். வக்கீலிடம் பேச அவனுக்கு உரிமை உண்டு, இப்போதே பேசலாம், வக்கீல் இல்லையென்றால் இலவசமாக ஒருவரைப் போனில் பிடித்துத் தருவோம், பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று அட்டையைப் பார்த்து வாசித்தாள்.

"என்ன மொராக், என்னைத் தெரியாத மாதிரி வாசிக்கிற?" என்றான் ஃபின்லே. கையில் பெயின்ட் தூரிகை. மிதவைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சவனுக்கும் இதத்தான் வாசிக்கணும். புரிஞ்சுதா, புரியலையா, சொல்லு."

"புரிஞ்சுது. ஆனா நான் துறைப்பக்கமே போகல. வீட்டிலேர்ந்து நேரா நரிமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கராஜுக்குக் கிளம்பினேன், கயிறு இழுக்கிற மிஷினுக்கு பெல்ட் வாங்க. வழியில நீயே என்னை நிறுத்தினியே!"

"எத்தன மணிக்குக் கிளம்பின?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டேன், கிளம்பினேன். என் போனு போன வாரமே தண்ணிக்குள்ள போயிருச்சு."

ஸ்டேஷனில் அவனுடைய உடைமைகளைப் பட்டியல் போட்டது மொராக். பெல்ட், பேனாக்கத்தி, சாவிக்கொத்து, சில்லறை. 'கைக்கடிகாரம்' என்று அச்சிட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினாள்.

மூன்று நாள் உள்ளே இருந்தான். பிறகு ஜாமீன் கிடைத்தது. ஆனால் துறையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் கால் வைக்கக் கூடாது என்று நிபந்தனை. அவன் வீடே அதற்குள்தான் இருந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த மச்சினி வீட்டு நிலவறையில் போய்த் தங்கினான். மே பதினைந்து எங்களுக்குக் கூண்டு இறக்கும் நாள். இரண்டு மாதம்தான் பருவம். முதல் வாரம் விட்டால் பாதி வருஷம் விட்ட மாதிரி. உரிமம் ஃபின்லே பெயரில் இருந்ததால் அவன் படகில் இருந்தாக வேண்டும். அவன் மனைவி ஐலீன் இருநூற்று எழுபத்தைந்து கூண்டுகளை வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தாள். மொராக்கின் ரோந்து கார் அந்தப் பக்கம் போனால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள்.

மே பத்து சனிக்கிழமை, மொராக்கின் கடிகார வாரில் ஊசி கழன்றுவிட்டது. நாங்கள் இருவரும் லியோ பூட்ரோவின் கடிகாரக் கடைக்குப் போனோம். லியோ கண்ணில் குழாய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புது ஊசியைப் பொருத்தினான். கொடுக்கும்போது சிரித்தான்.

"அன்னிக்கு பேட்டரி மாத்தினப்ப, மறக்காம உன் ஏழு நிமிஷத்தையும் சேத்தே வெச்சுக் குடுத்தேன். பாத்தியா? வேற எந்தக் கடைக்காரன் செய்வான்?"

மொராக் கடிகாரத்தை வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"என்னிக்கு?"

"என்னம்மா, பத்து நாளுக்கு முந்தி. புதன்கிழமை. கடை திறந்த உடனே நீதான வந்த? அன்னிக்குத்தான கொட்டகை எரிஞ்சுது."

"நீ சரியான மணி வெச்சிருப்பேன்னு நான் நினைச்சேன், லியோ."

"உனக்கா? சரியான மணியா? ஊரே சிரிக்காதா?"

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறி, பெல்ட் போடாமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அன்னிக்கு நான் கழிக்கல, ஹெக்டர்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் நிதானமாக, ஒரு விபத்தை விவரிப்பது போலச் சொன்னாள். புதிதாக பேட்டரி போட்ட கடிகாரம் சரியான மணிதான் காட்டும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறாள். 'இன்னிக்குக் கழிக்க வேண்டாம், ராத்திரி வீட்டில் வைத்துத் தள்ளிக்கொள்ளலாம்' என்று தனக்குத் தானே சொல்லியும் வைத்திருக்கிறாள். அதனால் நாள் முழுதும் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதியிருக்கிறாள். ரோந்து காரின் கடிகாரம் மாதக் கணக்காகச் சரியான மணி காட்டாமல் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. தீப்பிடித்த அமளியில் ஸ்டேஷன் சுவரை யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து இன்னும் ஏழு நிமிடம் தள்ளினாள். மறுநாள் வேலைக்குப் பதினாலு நிமிடம் முன்னதாகப் போய் நின்றாள். வாலஸ்கூட "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாராம். தான்தான் கண்ணாடி போடாமல் தப்பாகத் திருகிவிட்டோம் என்று நினைத்து, சரி செய்துகொண்டாள். அதோடு விட்டாள்.

"அப்ப அவனை நிறுத்தினது ரெண்டு மணிக்கு இல்ல" என்றேன்.

"ஒண்ணு அம்பத்து மூணு."

கேமராவில் டிரக் துறையை விட்டுக் கிளம்பியது ஒன்று ஐம்பத்து நாலு. அதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே ஃபின்லே நரிமேட்டின் உச்சியில், உடைந்த பின்விளக்குக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனுக்குப் போனாள். நான் காரிலேயே இருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்து ஜன்னலைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"பள்ளிக்கூட மணி எத்தனைக்கு அடிக்கும்?"

"ரெண்டு இருபத்தஞ்சு. ஏன்?"

"எப்பவாவது பிந்துமா?"

"அது கம்ப்யூட்டர் அடிக்கிற மணி. சாமியே வந்து சொன்னாலும் பிந்தாது."

"கொட்டகை எரிஞ்ச அன்னிக்கு உன் பஸ்ஸைத் துறை ரோட்டுல விடாம மேல் ரோட்டுக்குத் திருப்பிவிட்டேனே. நான் வந்தப்ப மணி அடிச்சுதா?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் காரை நிறுத்தி இறங்கும்போதுதான் மணி அடித்தது. பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு பாய, அவள் அவர்களுக்கு நடுவில் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "அடிச்சுது. நீ கார்லேர்ந்து எறங்குற அதே நேரம்."

"குறிப்பேட்டுல நான் அதையும் எழுதியிருக்கேன். 'பள்ளி வாசல். நான் இறங்கும்போது மணி அடித்தது.' பக்கத்துல நேரம் ரெண்டு முப்பத்திரண்டு."

சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். மேல் ரோட்டில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் ஓடியதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை. நான் ஃபின்லேயை நினைக்கவில்லை. பதினாறு வருஷக் குறிப்பேடுகளை நினைத்தேன். அவள் சாட்சி சொன்ன ஒவ்வொரு வழக்கையும் யாராவது ஒரு வக்கீல் கிளறப்போகிறான். 'மணி பார்க்கத் தெரியாத போலீஸ்காரி' என்று பத்திரிகையில் போடுவார்கள். அவளுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது.

வீட்டில் தேநீர் வைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "வழக்கு நடக்க இன்னும் ஆறு மாசம் ஆகும். அவன் வக்கீல் கண்டுபிடிக்கட்டுமே. அதுக்குத்தான அவனுக்கு ஃபீஸ்."

"எதைக் கண்டுபிடிப்பான்? லியோவோட தலைக்குள்ள இருக்கிறதையா?"

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீ பேச்சுக்குத்தான் சொல்ற. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது பேச்சு இல்ல, குத்தம்." கோப்பையை நகர்த்தி வைத்தாள். "ஹெக்டர், இதுல என் இஷ்டம்னு ஒண்ணும் இல்ல. எங்க கையில என்ன கிடைச்சாலும் அரசு வக்கீல் மேஜைக்குப் போகணும். எங்களுக்குச் சாதகமா, அவனுக்குச் சாதகமான்னு நாங்க பிரிக்கக் கூடாது. அரசு வக்கீல் அதை அவன் வக்கீலுக்குக் குடுக்கணும். வேலையில சேந்த முதல் வாரமே சொல்லிக் குடுக்கிற விஷயம் இது. அவன் கூண்டெல்லாம் வாசல்ல கிடக்கு. நான் தினம் ரெண்டு தடவை அதைத் தாண்டிப் போறேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீரில் பாலை ஊற்றி அவள் பக்கம் தள்ளினேன். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம்.

சார்ஜென்ட் வாலஸ் அன்றைக்குத் தன் படகின் அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மொராக் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் தூரிகை டப்பாவுக்குள் விழும் சத்தம் கேட்டது.

"ஏழு நிமிஷம்" என்றார் வாலஸ்.

"ஆமா, சார்ஜென்ட்."

"பதினாறு வருஷமா நான் அந்தக் கடிகாரத்தப் பாத்து சிரிச்சிருக்கேன். எனக்கு நல்லா வேணும்." பிறகு குரல் ஏறியது. "உனக்கு அறிவு இருக்கா மொராக்? நிறுத்தின உடனே வயர்லெஸ்ல சொல்லியிருந்தா அங்கயே நேரம் பதிவாகியிருக்குமே!"

"நரிமேட்டுல வயர்லெஸ் எடுக்காது. கீழ எறங்கினப்புறம்தான் நீங்க கூப்பிட்டது கேட்டுது."

"கேட்டுச்சு இல்ல? அது எத்தனை மணி?"

"நோட்டுல ரெண்டு பதிமூணுன்னு எழுதியிருக்கேன்."

"இரு." அவர் நடக்கும் சத்தம், கதவு, நாய் குரைப்பு, கம்ப்யூட்டரைத் திறக்கும் சத்தம். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "கட்டுப்பாட்டு அறையில ரெண்டு ஆறுன்னு பதிவாகியிருக்கு. ரெண்டு தாளும் ஒரே கோப்புலதான் இருந்துது. பக்கத்துல பக்கத்துல வெச்சு எவனும் பாக்கல. நானும் பாக்கல." பெருமூச்சு விட்டார். "எழுது. இப்பவே உக்காந்து எழுது. நாளைக்கு எழுதினா, ஏன் ஒரு நாள் கழிச்சு எழுதினேன்னு கேப்பான். லியோகிட்ட வாக்குமூலம் நான் வாங்குறேன், நீ அந்தப் பக்கம் போகாத. உன் புருஷன்கிட்டயும் நான்தான் வாங்கணும். ஹெக்டர், கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

"இருக்கேன்."

"இனிமே அவகூட இதப் பத்திப் பேசாத."

போனை வைத்ததும் மொராக் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "அவரு என்னை இத மறைச்சுவெக்கச் சொல்லுவாரோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டு வந்தேன்" என்றாள். "சொல்லியிருந்தா அவரு மேலயும் நான் எழுத வேண்டியிருந்திருக்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் பத்திரிகையைப் பற்றிப் பயந்தேன். அவள் வாலஸைப் பற்றிப் பயந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை அறிக்கை அரசு வக்கீல் திருமதி டெவோவின் மேஜைக்குப் போயிற்று. மத்தியானமே மொராக்கைக் கூப்பிட்டார்கள். டெவோ குள்ளமான பெண்மணி. பேசும்போது பென்சிலால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருப்பார் என்று மொராக் சொன்னாள். நான்கு தாளை வரிசையாக வைத்தாராம்: குறிப்பேட்டின் நகல், கட்டுப்பாட்டு அறைப் பதிவு, லியோவின் வாக்குமூலம், என்னுடையது. இரண்டு தடவை வாசித்தார்.

"இதுக்கு அப்புறம் உங்களைச் சாட்சிக் கூண்டில ஏத்தினா எந்த வக்கீலும் முதல்ல உங்க மணிக்கட்டைத்தான் காட்டச் சொல்லுவான். தெரியுமா?"

"தெரியும், மேடம்."

"தெரிஞ்சே எழுதியிருக்கீங்க." பென்சிலைக் கீழே வைத்தார். "நல்லது. இந்தக் கட்டு இன்னிக்கே அவன் வக்கீலுக்குப் போகுது. என்கிட்ட இப்ப ஒரு பச்சை டிரக்கும் ஒரு கடைச் சண்டையும்தான் மிச்சம். அதை வெச்சுக்கிட்டு நான் நீதிபதி முன்னால நிக்கப் போறதில்ல."

மே பதினாலு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு நீதிமன்றம். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது, நானும் போனேன். மொராக் சீருடையில் சுவரோரமாக நின்றாள். ஃபின்லே கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். அது அவனுடைய கல்யாணக் கோட்டாக இருக்க வேண்டும், பொத்தான் போட முடியவில்லை. ஐலீன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். ஆர்ச்சி கில்லிஸ் பின்வரிசையில் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எல்லாம் நாலு நிமிடத்தில் முடிந்தது. டெவோ எழுந்து, குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலே ஃபின்லேயைப் பார்த்தார்.

"திரு பெட்ரி, இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குப் புரியுதா?"

"ஐயா, நான் இப்ப துறைக்குப் போகலாமா?"

"போகலாம்."

"இப்பவேவா?"

"உங்களை யாரும் இங்க பிடிச்சு வெச்சிருக்கல."

ஃபின்லே திரும்பி ஐலீனைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே எழுந்து வாசலுக்குப் பாதி வழியில் இருந்தாள். நீதிமன்றத்தில் ஓடக் கூடாது என்று காவலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தாழ்வாரத்தில் இருந்தார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நாலு நாளாக பிரேக் மேலேயே காலை வைத்து ஓட்டியவன் காலை எடுத்த மாதிரி.

வாகன நிறுத்தத்தில் மொராக் அவனைப் பிடித்துவிட்டாள்.

"ஃபின்லே. ஒரு நிமிஷம்."

"உன் நிமிஷமா, ஊர் நிமிஷமா?" என்றான் அவன்.

அவள் முகம் சிவந்தது. "நான் தப்பா எழுதினேன். அதனால நீ மூணு ராத்திரி உள்ள இருந்த. பத்து நாள் வீட்டுக்குப் போக முடியல. என்னை மன்னிச்சுரு. புகார் குடுக்கிறதா இருந்தா எங்க குடுக்கணும்னு இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். அதை உங்கிட்ட சொல்லறதும் என் வேலைதான்."

ஃபின்லே தாளை வாங்கிப் பார்த்தான். மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஹெக்டர், உன் முதுகு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"இருநூத்தி எழுபத்தஞ்சு கூண்டு. ஒவ்வொண்ணும் நாப்பது கிலோ. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பருவம் தொடங்கத் துப்பாக்கி சுடுவாங்க. அதுக்குள்ள எல்லாம் படகுல இருக்கணும்."

மாலை நடை முடித்து நேராக அவன் வாசலுக்குப் போனேன். வாலஸ் தன் டிரக்கோடு வந்திருந்தார். லியோ, கடையைப் பூட்டிவிட்டு, கடை உடுப்புடனேயே வந்திருந்தான். இரண்டு கூண்டு தூக்கியதும் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, "நான் நல்லெண்ணத்துல செஞ்சேன், தெரியுமா" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். யாரும் அவனை விடவில்லை. "லியோ, என் கல்யாண தேதியையும் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சுரு" என்றான் ஒருவன். ஆறரைக்கு ஆர்ச்சி கில்லிஸ் வந்தார். ஒரு கூண்டின் ஒரு முனையைப் பிடித்தார். ஃபின்லே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மறுமுனையைப் பிடித்தான். இருட்டுவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது.

கொட்டகையை எரித்தவனை ஜூலையில் பக்கத்து மாவட்டத்தில் பிடித்தார்கள். எஞ்சின் திருடுகிறவன், அவனும் கரும்பச்சை டிரக்தான் வைத்திருந்தான். மொராக்கின் பழைய குறிப்பேடுகளை வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து மூன்று வாரம் பார்த்தார். மற்ற நாளெல்லாம் ஏழு சரியாகக் கழிந்திருந்தது. அவளுடைய கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் சேர்ந்தது. அவள் அதை வாசித்துவிட்டு, "நியாயமாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். இதெல்லாம் பிறகு.

மே பதினைந்து காலை, மூடுபனி கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஊர் முழுவதும் துறையில் இருந்தது. படகுகளில் கூண்டுகள் வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். துப்பாக்கி வெடித்ததும் முப்பது எஞ்சின்கள் ஒன்றாக உறுமின. ஃபின்லேயின் படகு நாலாவதாகப் போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டு இறக்கப் போகிறவன் கரையைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் அவன் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மோசமான குரல்.

பிறகு எல்லாரும் தீயணைப்பு நிலைய மண்டபத்துக்குப் போனோம். கூண்டு இறக்கும் நாளன்று அங்கே மீனவர் வீட்டுப் பெண்கள் காலைச் சாப்பாடு போடுவார்கள்: மீன் வடை, வெல்லப்பாகில் வேகவைத்த பீன்ஸ், தடித்த ரொட்டி. மொராக் போக்குவரத்தைச் சரி செய்துவிட்டுக் கடைசியாக வந்தாள். வரிசையில் தட்டோடு நின்றவள், பரிமாறுகிற இடத்தில் ஐலீன் நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள். நாலு நாளாக மொராக் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

ஐலீன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

"உன் மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, மொராக்."

"இருக்கட்டும்" என்றாள் மொராக். "இருக்க வேண்டியதுதான்."

"ரொம்ப நாள் இருக்கும்."

"சரி."

ஐலீன் மூன்று மீன் வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். எல்லாருக்கும் இரண்டுதான். பீன்ஸை அதன்மேல் தாராளமாக ஊற்றினாள். "தள்ளு, பின்னால ஆள் நிக்குது" என்றாள்.

மொராக் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். குனிந்து, ரொட்டியால் பாகைத் துடைத்துத் துடைத்து, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். நிமிர்ந்து என் தட்டைப் பார்த்தாள்.

"நீ அந்த வடையைச் சாப்பிடப் போறியா?"

நான் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.